அக்கா கடையில் பொடி இல்லை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெங்காயப் பேட்டையில் எடை போடும் வேலை. மூட்டையைத் தராசில் ஏற்றியதும் எத்தனை கிலோ என்று உரக்கச் சொல்வேன். அதற்குமேல் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவது எனக்குச் சிரமம். இப்படிப்பட்ட ஒருவன் இன்னொருவரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மழைக்காலத்தில் வத்தலக்குண்டில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். நாகல் நகரில் எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்த அக்கா, கடைசிக் காலத்தில் அங்கே மகள் வீட்டில் இருந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு நல்ல மனசு என்றார் ஒருவர். ஒத்தை ஆளாகக் கடை நடத்தி மகளைக் கட்டிக்கொடுத்த மனுஷி என்றார் இன்னொருவர். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் வாய் எழவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான். எங்களுக்கு அவர் எப்போதும் அக்காதான்.

கடை ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுதான். முன்பக்கம் வாழைப்பழத் தார் தொங்கும். அதற்குக் கீழே மிட்டாய் பாட்டில்கள், சோடா, ஊறுகாய்ப் பாக்கெட், பல்பசை, தலைவலி மாத்திரை. பின்பக்கம் பீடிக் கட்டும் சிகரெட்டும் புகையிலையும். அக்காவின் வலது கைப்பக்கம் ஒரு தகர டப்பா இருக்கும். அதில்தான் மூக்குப்பொடி. காது குடையும் குச்சியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பித்தளைக் கரண்டியால் எடுத்து, காகிதத்தில் வைத்து, கண்ணால் பார்க்காமலேயே மடித்துக் கொடுப்பார்.

மூக்குப்பொடி என்று பெயர்தானே தவிர, மூக்கில் போடுகிறவர்கள் எங்கள் தெருவில் இரண்டு மூன்று கிழவர்கள்தான். மற்றபடி வாங்குகிறவர்கள் எல்லாம் பெண்கள். காலையில் எழுந்ததும் ஆள்காட்டி விரலில் தொட்டு ஈறில் தேய்ப்பார்கள். பல் விளக்குவது என்று அதற்குப் பெயர். பிறகு மதியம் சாப்பிட்டதும் ஒருமுறை, வேலை அலுப்பில் ஒருமுறை, கீழுதட்டுக்குள் ஒரு கிள்ளு வைத்துக்கொள்வார்கள். அதற்கும் பல் விளக்குவது என்றுதான் பெயர். அக்காவும் அப்படித்தான். கீழுதடு எந்நேரமும் சற்று உப்பியிருக்கும். பேசும்போது அந்த உதடு அசையாமல் இருக்க, மேலுதட்டால் மட்டும் பேசுவார். புதிதாகக் கேட்பவர்களுக்கு அவர் கோபமாக இருப்பதுபோலத் தோன்றும்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் சொல்லும் "இல்ல" தான். கடையில் இருக்கிற சரக்கை, வாங்க வந்தவர் கண் முன்னால் வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்ன கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எல்லோரிடமும் சொல்லமாட்டார். வாங்க வந்தவள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்தாலோ, தெரியாமல் சும்மா சந்தேகம் வந்தாலோ போதும். பொடியா, இல்ல. புகையிலையா, இல்ல. தலைவலி மாத்திரை கேட்டால், "என்கிட்ட இல்லத்தா, நர்சம்மாவக் கேட்டு அவுக குடுக்கறத முழுங்கு" என்பார். மாத்திரை அட்டை அவர் தலைக்கு மேல் சரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை நான் கடையில் நிற்கும்போது மொபெட்டில் ஒரு ஆள் வந்தார். பின்னால் அவர் மனைவி, நிறைமாதம். அவர் வண்டியில் இருந்தபடியே ஒரு சிகரெட் கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்தார். கடைத் தூணில் எப்போதும் கங்கோடு ஒரு கயிறு தொங்கும். அவர் பற்றவைக்கக் கை நீட்டுவதற்குள் அக்கா அந்தக் கயிற்று நுனியை இழுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டுவிட்டார். சொய்ங் என்றது.

"நெருப்பு இல்லப்பு" என்றார்.

"தீப்பெட்டி குடுங்க."

"தீப்பெட்டியும் இல்ல."

"அந்தா அடுக்கி வச்சிருக்கீகளே?"

"அது பூராம் வெறுங்கூடு."

அந்த ஆள் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. வாயில் பற்றாத சிகரெட்டோடு அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அக்கா கயிற்றைத் திரும்பப் பற்றவைத்து, அடுத்து நின்ற லோடுமேனுக்குப் பீடிக்கு நீட்டினார்.

இதில் அவர் தவறியதும் உண்டு. அடுத்த தெருவில் ஒரு பெண், கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். அப்பாவுக்குப் புகையிலை வாங்க வந்தது. அக்கா அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு, இல்லை என்றதோடு நிறுத்தாமல், எத்தனை மாசம் என்றும் கேட்டுவிட்டார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது. சற்று நேரத்தில் அதன் அம்மா வந்தார். கல்யாணமாகாத பிள்ளையைப் பார்த்து என்ன கேள்வி கேட்டாய் என்று தெருவே கூடும்படி கேட்டார். அக்காவுக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள், அன்றைக்கு அந்த வாயில் இருந்து ஒரு சத்தம் இல்லை. தலையைக் குனிந்தபடி எல்லாத்தையும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் கமர்கட் பாட்டிலை முழுசாகத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். அதற்குப் பிறகு மாசக் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டார். இல்லை என்பதை மட்டும் விடவில்லை.

"தப்பாப் போச்சுன்னா ஒரு நா யாவாரம் போகும். அம்புட்டுத்தான" என்பார்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தபோது, கடைக்கு வாழைப்பழம் வாங்க வந்தது. அக்கா வாய் திறப்பதற்குள், "யக்கா, இப்ப நெசமாவே ஏழு மாசம்" என்றது. பழத்துக்கு அக்கா காசு வாங்கவில்லை.

நாங்கள் கல்யாணமாகி அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் அக்கா இப்படி இல்லை. அப்போது யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். காகிதத்தை மடிப்பதற்கு முன் கரண்டியால் இன்னும் ஒரு தொடு தொட்டுக் கொசுறு போடுவார். என் மனைவிக்கு நிறையவே போடுவார். அவளுக்கு ஊர் சாணார்பட்டிப் பக்கம். அவர்கள் வீட்டில் பெண்கள் எல்லோரும் பொடியில்தான் பல் விளக்குவார்கள். இவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் கடைவாய்ப் பல் வலி வந்து, அவள் அம்மா ஈறில் பொடியை வைத்துவிட்டிருக்கிறார். வலி மரத்துப்போனது. அன்றிலிருந்து பழகிவிட்டது. அதை ஒரு பழக்கம் என்று அவள் நினைத்ததே இல்லை. நானும் நினைத்ததில்லை. பல் விளக்குவதை யார் பழக்கம் என்பார்கள்?

முதல் பிள்ளை உண்டானபோது சுகாதார நிலையத்தில் நர்சம்மா வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். புகையிலை போடுவியா என்றும் கேட்டார். இல்லை என்றாள். பக்கத்தில்தான் நான் நின்றேன். அவள் பொய் சொல்லவில்லை. புகையிலை போடுவது என்றால் வெற்றிலையோடு சேர்த்து மென்று துப்புவது. அது ஒரு மாதிரியான பெண்கள் செய்வது என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

மசக்கையில் வாந்தி அதிகமாக இருந்தது. பொடியை ஈறில் வைத்தால் குமட்டல் அடங்குகிறது என்றாள். அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்காவும் அப்படியா என்று ஒரு கரண்டி கூடவே போட்டு மடித்துக் கொடுத்திருக்கிறார். நாளுக்கு இரண்டு பொட்டலம் தீர்ந்தது.

பிள்ளை நாள் ஆகுமுன்பே பிறந்துவிட்டது. ஆண். மிகவும் சிறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அது வீட்டுக்கு வரவில்லை.

அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

தெருவில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றார்கள். பப்பாளி தின்றிருப்பாள் என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகுதான் அவர் கடையில் மாசமான பெண்களுக்கு இல்லை என்று சொல்கிறாராம் என்று தெருவில் சிரித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. மறுபடியும் உண்டானாள். இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. ஐந்து மாதம் தாண்டும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கே தெரியாது. வாந்தி இருந்ததால் அவள் தெருவில் இறங்கவில்லை. பொடி வாங்க என்னை அனுப்பினாள்.

கடைக்குப் போய் ஒரு சோடா, ஒரு நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாக்கெட், ஒரு பொட்டலம் பொடி என்று கேட்டேன். சோடாவும் ஊறுகாயும் வந்தன. பொடிக் கரண்டியைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார்.

"அவ எங்க தம்பி? நாலஞ்சு நாளா ஆளையே காணோம்."

"மேலுக்குச் சரியில்லக்கா."

"என்ன செய்யுது?"

நான் ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரகசியம் காக்கிற முகம் எனக்கு வாய்க்கவில்லை. காது வரை சூடேறியது எனக்கே தெரிந்தது. அக்கா என்னையும் ஊறுகாயையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டியை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"பொடி இல்ல தம்பி" என்றார்.

டப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த தெருவுக்குப் போய் அங்கே ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து செருப்பைக் கழற்றுகிறேன், பின்னாலேயே அக்கா வந்து நிற்கிறார். பகல் நேரத்தில் அவர் கடையை விட்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை. கடைக்கு முன்னால் ஒரு சாக்கை மட்டும் தொங்கவிட்டுவிட்டு வந்திருந்தார்.

என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தாள்.

"அதக் கீழ வையித்தா" என்றார் அக்கா. "வயித்துல இருக்கறதுக்கு ஆகாது."

அவள் என்னைத்தான் முறைத்தாள். பிறகு அக்காவிடம், "நான் என்ன புகையிலையா போடுறேன்? பல்லுதானக்கா வெளக்குறேன்" என்றாள்.

"பொடிய எதுல பண்றாகன்னு நெனச்ச? முருங்கக்காயிலயா? புகையிலைதான்த்தா. அதக் காயவச்சு இடிச்சுச் சலிச்சா பொடி. விக்கிறவ நான் சொல்றேன்."

அவள் அம்மா பொடி போட்டுக்கொண்டே ஆறு பிள்ளை பெற்றதைச் சொன்னாள். எல்லோருக்கும் ஒன்றுபோல ஆகாது என்றார் அக்கா. தெருவுக்கு வரும் நர்சம்மாவிடம், அவர் ஒருநாள் கடையில் பழம் வாங்கும்போது, தானே கேட்டதாகச் சொன்னார் அக்கா. ஈறில் வைத்தாலும் சாறு ரத்தத்தில் ஏறுமாம். தாய் ரத்தத்தில் ஏறினது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகுமாம். பிள்ளைக்கு வரவேண்டிய மூச்சும் சத்தும் குறையும், எடை கூடாது, நாளுக்கு முந்திப் பிறக்கும், சிலது தங்காமலே போகும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். மென்றாலும் தேய்த்தாலும் உறிஞ்சினாலும் எல்லாம் ஒன்றுதானாம். பக்கத்தில் இருக்கிறவன் ஊதும் புகையும் ஆகாதாம்.

என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப மொதப் புள்ளைய நான்தான் கொன்னனா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்விக்கு ஒரு புருஷன் ஏதாவது சொல்லியாக வேண்டும். அக்கா தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீ பல்லு வெளக்குனத்தா. நான்தான் வித்தேன். வாந்திக்கு நல்லதுன்னு கூட ஒரு கரண்டி போட்டவ நானு." அவள் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஆசுபத்திரியில கண்ணாடி வழியாப் பாத்தேன். அது வெரலு என் பொடிக் கரண்டி காம்பு கனந்தான் இருந்துச்சு. நீ வீட்டுக்கு வந்த மறுநா கடைக்கி வந்து பொடி கேட்ட. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. மடிச்சுத்தான் குடுத்தேன். நர்சம்மா சொன்னதுக்கப்புறம் அந்தக் கரண்டியத் தொடும்போதெல்லாம்…"

முடிக்கவில்லை. இருவரும் அழுதார்கள். நான் வெளியே வந்து கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். ஏற்கெனவே மடித்ததைத் திரும்பவும் உதறி மடித்தேன். தெருவே சிரித்த அந்த "இல்ல" எங்கள் பிள்ளையிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த வாரம் சுகாதார நிலையத்துக்குப் போனோம். புகையிலை போடுவியா என்ற கேள்விக்கு இந்த முறை, பொடியில் பல் விளக்குவேன் என்று உள்ளதைச் சொன்னாள். நர்சம்மா டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். முதல் பிள்ளை போனதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் இனி ஒரு கிள்ளுகூடக் கூடாது என்றார் டாக்டரம்மா. வரும் வழியில் கடையில் நின்று அக்காவிடம் இதைச் சொன்னாள். மனசு ஆறட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"அவுக சொல்றது அவுகளோட. நான் வித்தது என்னோட" என்றார் அக்கா.

பொடியை நிறுத்தியதும் என் மனைவிக்குத் தலைவலி வந்தது. எதற்கெடுத்தாலும் எரிச்சல். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் உப்பு சரியாக இருந்தாலும் சரியில்லை என்பாள். ஒருநாள் கடைக்குப் போய் அக்காவிடமே சண்டை போட்டாள். நீ மட்டும் உதட்டில் வைத்துக்கொண்டு எனக்கு உபதேசம் செய்கிறாய், ஒருநாள் விட்டுப் பார் என்றாள். அக்கா கொஞ்சம் யோசித்தார். எழுந்து கடைக்குப் பின்னால் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார்.

"சரித்தா. நீ பெத்து எடுக்குற வரைக்கும் நானும் போடல. வா பாக்கலாம்."

பக்கத்திலேயே டப்பாவை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஊருக்கெல்லாம் அள்ளி மடித்துக் கொடுத்துக்கொண்டு, தான் மட்டும் தொடாமல் இருப்பது லேசான காரியமில்லை. அந்த முதல் சில வாரம் அந்தக் கடையில் யாவாரம் நடந்த விதத்தைத் தெரு மறக்காது. பீடி கேட்டால் பிஸ்கட் வரும். சோடா போடுகிறவரோடு காலி பாட்டிலுக்காகச் சண்டை. வாயில் எந்நேரமும் வறுத்த சோம்பு. பேச்சு மட்டும் தெளிவாக வர ஆரம்பித்தது. அவருக்குக் கீழுதடும் அசையும் என்று அப்போதுதான் பார்த்தோம்.

சாயங்காலம் என் மனைவி கடைக்குப் போவாள். ராத்திரி வண்டியை மறித்துப் போலீஸ்காரர் ஊதச் சொல்வாரே, அதுபோல இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக் காட்டிக்கொள்வார்கள். மோந்து பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். வாங்க வந்தவர்கள் அதற்காகக் காத்துநிற்க வேண்டும். நான் பேட்டையிலிருந்து வரும் நேரம் அது. அந்தப் பக்கம் பார்க்காததுபோல நடந்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் அக்கா ஊத மாட்டேன் என்றார். சளி பிடித்திருக்கிறது, உனக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். என் மனைவி விடவில்லை. ஊதவைத்தாள். நெடியடித்தது.

"ஒரு கிள்ளுதான்த்தா" என்றார் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"ஊருக்கெல்லாம் இல்லன்னு சொல்லத் தெரியுதுல்ல? உங்களுக்குச் சொல்லிக்கிட்டா என்னவாம்?"

இதைக் கேட்டுவிட்டு என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிட்டாய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தார். முதல் பிள்ளை போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் நான் தெருவில் நின்று பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து அவள் காலையிலும் ஒருமுறை போய் அக்காவைச் சோதிக்க ஆரம்பித்தாள். பின்னால் யோசித்தால், அக்காவைக் காவல் காத்ததில்தான் அவளுடைய ஆசை மறந்துபோனது என்று தோன்றுகிறது.

நல்லதை மட்டும் எழுதினால் சரியாக இருக்காது. கடை இருந்தவரை அக்கா புகையிலை விற்றார். பேட்டை லோடுமேன் ஒருவர் தினமும் அங்கேதான் வாங்குவார். வாய்க்குள் புண் வந்து, ஆறாமல், மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தார். நல்ல மனுஷர். நான் எடை சொல்லச் சொல்ல மூட்டையை இறக்குவார். அவருக்கும் ஒருநாள் இல்லை என்று சொல்லியிருக்கலாமே அக்கா என்று என் மனைவி கேட்டாள். அக்கா பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவரு காலுல நடந்து வந்து, வாயத் தொறந்து கேட்டாருத்தா. குடுத்தேன். வேற பொழப்பு எனக்குத் தெரியாது. வயித்துல இருக்கறது வந்து கேக்கலேல்ல. கேக்காத ஆளுக்கு நான் எப்படி விக்கிறது?"

இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அந்த லோடுமேன் முகம் ஞாபகம் வரும்போது தப்பு என்று தோன்றும். என் மகள் முகத்தைப் பார்க்கும்போது வேறு மாதிரித் தோன்றும்.

வலி கண்டதும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நாள் நெருங்கித்தான் இருந்தது, முந்தவில்லை. அக்கா கடையை இழுத்துப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் சோம்பை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போன தடவையும் இதே இடத்தில்தான் நின்றேன். அப்போது உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் பூனைக்குட்டி கத்துவதுபோலத்தான் வந்தது. இந்த முறை வந்த சத்தத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பெண் பிள்ளை என்றார். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"எட எம்புட்டு?" என்றார்.

மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்றார் நர்ஸ். எத்தனையோ வருஷமாக எடை சொல்லிப் பிழைக்கிறவன் நான். அப்படி ஒரு எடையை நான் என் காதால் கேட்டதில்லை. அக்கா துணியை லேசாக விலக்கி, பிள்ளையின் கையைப் பிரித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். தொட்டுவிட்டு நகர்ந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சாயங்காலம் வார்டில் என் மனைவியைப் பார்த்தேன். பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தாய்ப்பாலிலும் இறங்கும், அதனால் இனியும் பொடி கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது.

"நாளைக்கிக் கடைப்பக்கம் போனீகன்னா அக்காகிட்ட சும்மா கேட்டுப் பாருங்க" என்றாள். "இப்பவாச்சும் பொடி இருக்கான்னு."

மறுநாள் காலை போய்க் கேட்டேன். அக்காவின் கீழுதடு பழையபடி உப்பியிருந்தது. வாயைத் திறக்காமல், இல்லை என்று கையை மட்டும் ஆட்டினார்.